ஒரு மின்னாக்கியும் ஓர் இரும்புக் குழாயும்

ஆலங்காயத்தின் பெயரைக் கேட்டதும் விண்மீன்களை நினைப்பவர்கள் உண்டு. ஊரைக் கடந்து ஜவ்வாது மலையில் ஏறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய பதிவுகளுள் காவலூரின் பதிவும் ஒன்று. வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கு நிற்கிறது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருட்டுக்காகவே அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் மாணவ நண்பர்களே, வானியலாருக்கு வரமாக அமையும் இருட்டு, மழையில் நனைந்து வந்து ஒரு சிறு கட்டடத்தில் தங்கியிருக்கும் நாற்பது பேருக்கு வரமன்று. அந்த இருட்டைப் போக்க நாங்கள் செய்த ஒரு காரியத்தையும், அதில் நான் செய்த பிழையையும், அப்பிழையிலிருந்து கற்ற இயற்பியலையும் இங்கே சொல்லப் போகிறேன்.

நடந்தது என்ன?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு அதன் சீற்றம் நிற்கவில்லை. உள்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் மலைப்பகுதிகளும் நனைந்தன. சில நாள்களுக்குப் பின் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன், ஆலங்காயத்திற்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் சீரமைப்பு முகாமிட்டோம். தங்குவதற்கு மூன்று அறைகள் கொண்ட சிறு கட்டடம் கிடைத்தது. சற்றுத் தொலைவில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்திருந்ததால் மின்சாரம் இல்லை.

கீழேயிருந்து 2 கே.வி.ஏ. மின்னாக்கி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தோம். ஜெனரேட்டர் என்று ஊரார் சொல்வது இதைத்தான். உதவிக்கு வந்த இளைஞர் சுறுசுறுப்பானவர். ஒரு நீளக் கம்பியின் இரு முனைகளிலும் பிளக் மாட்டினார். ஒரு பிளக்கை மின்னாக்கியில் செருகினார். மற்றதைக் கட்டடச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகினார். மெயின் சுவிட்சை மட்டும் அணைத்து வைக்கச் சொன்னார். மூன்று அறைகளிலும் விளக்குகள் எரிந்தன. மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இருபது ஆண்டுகளாக ஓமின் விதியைக் கற்பித்து வரும் நான் கைதட்டினேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்க யாரோ மெயின் சுவிட்சை மேலே தள்ளியிருக்கிறார்கள். செல்பேசிகளுக்கு மின்னேற்றம் செய்வதற்காக மின்னாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் லைன்மேன் ஒருவர் கையில் சோதனை விளக்குடன் வாசலில் வந்து நின்றார்.

"சார், டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸைப் பிடுங்கிட்டு வந்திருக்கேன். கம்பியும் அந்தப் பக்கம் அறுந்து கிடக்குது. உங்க கம்பத்துல லேம்ப் வச்சுப் பார்த்தா எரியுது. எப்படி சார்?"

எனக்கு நா எழவில்லை. "லேம்ப் வைக்காம கைய வச்சிருந்தா?" என்று அவர் கேட்கவில்லை. மின்னாக்கியை நிறுத்தும் வரை அமைதியாக நின்றுகொண்டிருந்தார்.

பின்னோக்கிப் பாயும் மின்சாரம்

மின்சாரத்திற்கு "இது மின்வாரியத்தின் கம்பி, இது வீட்டுக் கம்பி" என்ற வேறுபாடு தெரியாது. சுற்று இணைந்திருந்தால் அது பாயும். கம்பத்திலிருந்து வீட்டிற்குள் வரும் அதே பாதையில், வீட்டிலிருந்து கம்பத்திற்கும் போகும். இதைப் பின்னூட்டம் என்பார்கள்.

வழக்கமாக என்ன ஆகும்? ஊரிலுள்ள எல்லா வீட்டு விளக்குகளும் மின்விசிறிகளும் அந்தச் சிறு மின்னாக்கியின் தலையில் விழும். சுமை தாங்காமல் அது திணறி நின்றுவிடும். ஆனால் எங்கள் கட்டடத்திற்கு அப்பால் கம்பி அறுந்திருந்தது. எனவே சுமை ஏதும் இல்லை. மின்னாக்கி இயல்பாக ஓடியது. கம்பத்துக் கம்பிகள் 230 வோல்ட்டில் ஓசையின்றிக் காத்திருந்தன. கம்பி அறுந்த இடத்தில்தானே பழுது பார்ப்பவர் கை வைப்பார்!

கம்பி அறாமல் மின்மாற்றி வரை இணைந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நம் தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. 433 என்பது இரு மின்கம்பிகளுக்கு இடையிலான அழுத்தம். ஒரு கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே அது 250 வோல்ட் ஆகும். ஆகவே சுற்றுகளின் விகிதம் 11,000/250 = 44. மின்மாற்றி இருதிசையிலும் வேலை செய்யும். தாழ்ந்த பக்கத்தில் 230 வோல்ட்டைக் கொடுத்தால், உயர்ந்த பக்கத்தில் 230 × 44 = 10,120 வோல்ட் தோன்றும். சுமையில்லாத ஒரு மலைப்பாதைக் கம்பியில், ஒரு வாடகை மின்னாக்கியால் பதினாயிரம் வோல்ட்!

மற்றோர் ஆபத்தும் உண்டு. மெயின் இணைந்திருக்கையில் மின்வாரிய மின்சாரம் திடீரென்று வந்துவிட்டால் என்னாகும்? இரண்டு மாறுதிசை மின்னழுத்தங்களும் ஒரே கட்டத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு 325 வோல்ட். ஒன்று மேல் உச்சியிலும் மற்றது கீழ் உச்சியிலும் இருக்கும் கணத்தில் அவை சந்தித்தால் இடைவெளி 650 வோல்ட். மின்னாக்கியின் சுருள் கருகும், தீப்பற்றவும் கூடும்.

இரு முனையிலும் பிளக் உள்ள கம்பியின் குற்றம் இத்துடன் முடியவில்லை. ஒரு முனையைச் சுவரிலிருந்து உருவினால், உருவிய பிளக்கின் பித்தளைக் கால்கள் 230 வோல்ட்டுடன் கையில் தொங்கும். அப்படிப்பட்ட கம்பியை எங்கே கண்டாலும் துண்டாக வெட்டிவிடச் சொல்லுங்கள்.

மனிதனின் நினைவை நம்பாத சாவி

"மெயினை அணைத்து வை" என்பது ஒரு கட்டளை. கட்டளைகளை மனிதர்கள் மறப்பார்கள். மறந்தாலும் தீங்கு நேராதபடி கருவியை அமைப்பதே பொறியியல். இதற்கென்றே இருப்பது சேஞ்ச்-ஓவர் சுவிட்ச், அதாவது மாற்றுச் சாவி. அதன் கைப்பிடிக்கு மூன்று நிலைகள்: ஒரு பக்கம் மின்வாரியம், மறுபக்கம் மின்னாக்கி, நடுவில் எதுவும் இல்லை. கட்டடத்தின் கம்பிகள் சாவியின் நடு முனைகளில் இணைந்திருக்கும். கைப்பிடி ஒன்றுதான் என்பதால், இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் இணைவது இயலாத காரியம்.

இந்தச் சாவி இருமுனைச் சாவியாக இருக்கவேண்டும். அதாவது மின்னோட்டக் கம்பியை மட்டுமன்றி நடுநிலைக் கம்பியையும் சேர்த்து மாற்றவேண்டும். "நடுநிலைக் கம்பியில்தான் அழுத்தம் இல்லையே, அதை ஏன் பிரிக்கவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். மின்மாற்றியில் புவியோடு இணைந்திருக்கும் வரைதான் அதில் அழுத்தம் இல்லை. புயலில் அந்த இணைப்பே அறுந்திருந்தால், நடுநிலைக் கம்பியும் மின்னழுத்தம் ஏறிய கம்பிதான்.

நடுநிலைக்கு நிலம் தேவையா?

இப்போது நுட்பமான இடத்திற்கு வருகிறோம். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மின்னாக்கி என்பது, ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நடத்தும் ஓர் எந்திரம். இரு முனைக் காந்தம் நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கும். அதன் சுருளுக்கு இரண்டு முனைகள். கையடக்கமான பல மின்னாக்கிகளில் இவ்விரு முனைகளும் எந்திரத்தின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்படாமல் தனித்தே இருக்கும். இதை மிதக்கும் சுற்று என்பார்கள்.

மிதக்கும் சுற்றில் ஒரு வசதி உண்டு. ஈரத்தரையில் நிற்பவர் தவறி ஒரு முனையைத் தொட்டாலும், மின்னோட்டம் தரை வழியாக மின்னாக்கிக்குத் திரும்பப் பாதையில்லை. சுற்று முடியாததால் அவர் தப்புவார். ஒரேயொரு கருவியை நேராக மின்னாக்கியில் செருகி ஓட்டும்போது இது போதும் என்று பல தயாரிப்பாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் ஒரு கட்டடம் முழுவதையும் இணைத்துவிட்டால் கதை வேறு. சுவருக்குள் நெடுந்தொலைவு ஓடும் பழைய கம்பிகள், எலி கடித்த மின்காப்பு, மழையில் ஊறிய சுவர் ஆகியவற்றுள் எங்கோ ஓரிடத்தில் ஒரு கம்பி நிலத்தைத் தொட்டுவிடும். அப்போது எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. விளக்குகள் வழக்கம்போல் எரியும். அந்தக் கணத்திலிருந்து மற்றக் கம்பியைத் தொடுபவருக்கு முழுப் பாதையும் ஆயத்தமாக இருக்கிறது. முதல் பழுது ஓசையின்றி வருகிறது. இரண்டாம் பழுது ஆளைக் கொல்கிறது.

எனவே இருமுனைச் சாவி வழியாகக் கட்டடத்திற்கு மின்சாரம் தரும் மின்னாக்கியில், சுருளின் ஒரு முனையைச் சட்டத்தோடும் நிலத்தோடும் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில் மட்டும், பிணைக்கவேண்டும். அந்த முனையே நடுநிலை முனை ஆகிறது. இப்பிணைப்பை எங்கே, எப்படிச் செய்வது என்பதை மின்னாக்கியின் கையேடு கூறும். சில வகைகளில் செய்யக்கூடாது என்றும் கூறும். கையேட்டைப் படிக்காமல் கை வைக்கக்கூடாது.

குழாய் நட்டால் போதுமா?

"எர்த் போட்டாச்சு சார்" என்றால், இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் அடித்துவிட்டார்கள் என்று பொருள். அது ஆளைக் காப்பாற்றுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

L மீட்டர் நீளமும் d மீட்டர் விட்டமும் உள்ள குழாயை, ρ ஓம்-மீட்டர் தன்மின்தடை கொண்ட மண்ணில் செங்குத்தாக நட்டால், அதன் புவித்தடை ஏறக்குறைய

R = (ρ / 2πL) × ln (4L/d)

ஆகும். புவி இணைப்புக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 3043, குழாய் மின்வாயின் நீளம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. விட்டம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 4L/d = 250; அதன் இயல் மடக்கை 5.52. 2πL = 15.7. ஆகவே R = 0.35 × ρ.

ஈரமான நல்ல மண்ணுக்கு ρ ஏறக்குறைய 100 எனக் கொண்டால் R = 35 ஓம். ஜவ்வாது மலைபோல் பாறையும் சரளையும் கலந்த நிலத்தில் ρ 1000 ஆக இருந்தால் R = 350 ஓம்!

இப்போது மின்னோட்டக் கம்பி ஒரு கருவியின் இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டதாகவும், அந்தக் கூடு இப்படி ஒரு குழாயோடு மட்டும் இணைந்திருப்பதாகவும் கொள்வோம். மண் வழியே பாயும் மின்னோட்டம் நல்ல மண்ணிலும் 230/35 = 6.6 ஆம்பியருக்கு மேல் போகாது. பாறை நிலத்தில் 230/350 = 0.66 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் உருகு இழை இதற்கெல்லாம் உருகுமா? உருகாது. கூட்டில் மின்னழுத்தம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அடுத்து யார் தொடுவார் என்று காத்திருக்கும்.

"நிலம் மின்சாரத்தை விழுங்கிவிடும்" என்று பலர் எண்ணுகிறார்கள். நிலம் எதையும் விழுங்குவதில்லை. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு இரண்டு கம்பி வேண்டாம், ஒரு கம்பியும் நிலமும் போதும் என்று காட்டினார். நிலம் ஒரு திரும்பும் பாதை என்பதே அவர் கண்டது. (கண்ணாடியின்மேல் வெள்ளி பூசித் தொலைநோக்கி ஆடி செய்த முன்னோடிகளுள் ஒருவரும் இதே ஸ்டைன்ஹைல்தான், காவலூருக்கு அவர் ஒருவகையில் உறவினர்!) நிலம் பாதைதான், ஆனால் கரடுமுரடான பாதை.

ஆகவே பழுதான மின்னோட்டத்தை விரைந்து திருப்பி அனுப்பவேண்டியது செம்புக் கம்பியின் வேலை. ஒவ்வொரு கருவியின் உலோகக் கூட்டிலிருந்தும் ஒரு புவி இணைப்புக் கம்பி மின்னாக்கியின் சட்டத்திற்கு வரவேண்டும். சட்டத்தில் நடுநிலை பிணைந்திருக்கவேண்டும். இப்போது பழுதுப் பாதை முழுவதும் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 20 மீட்டர் போய் 20 மீட்டர் வந்தாலும் தடை 0.28 ஓம்தான்.

அப்படியானால் இரும்புக் குழாய் எதற்கு? நாம் நிற்கும் தரையும் கட்டடத்தின் உலோகப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருக்கவும், மின்னோட்டக் கம்பியை ஒருவர் தொட்டால் அதைக் கண்டறியும் கருவிக்கு ஒரு பாதை கிடைக்கவும் குழாய் வேண்டும். அக்கருவியைப் பார்ப்போம்.

கணக்குப் பார்க்கும் காவலாளி

சிறு மின்னாக்கியால் பெரிய குறுக்கு மின்னோட்டம் தர இயலாது. 2 கே.வி.ஏ. என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதைப்போல் சில மடங்கு தந்துவிட்டு அழுத்தம் சரிந்துவிடும். மின்வாரியக் கம்பியில் படீரென உருகும் இழை, இங்கே சோம்பிக் கிடக்கலாம். அதனால் மின்னாக்கிக்கு ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் மிகமிகத் தேவை.

இது ஒரு கணக்குப்பிள்ளை. மின்னோட்டக் கம்பி வழியாகப் போன மின்னோட்டமும் நடுநிலைக் கம்பி வழியாகத் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் சுற்றைத் துண்டிக்கும். கசிவு மிகுதியானால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். 10 மில்லி ஆம்பியர் அளவில் பிடித்த கை விடுபடாது. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத்துடிப்பு குலையும் என்பதை நினைவில் வையுங்கள்.

நனைந்த உடலின் தடை 1000 ஓம் என்றும், பாறை நிலத்துக் குழாயின் தடை 350 ஓம் என்றும் கொண்டால், மின்னோட்டக் கம்பியைத் தொட்டவர் வழியே 230/1350 = 0.17 ஆம்பியர் பாயும். கொல்லக்கூடிய அளவுதான். ஆனால் 30 மில்லி ஆம்பியரைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். துண்டிப்பான் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடும். உருகு இழைக்கு உதவாத 350 ஓம் குழாய், துண்டிப்பானுக்குப் போதுமானதாக ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

இங்கே ஒரு கண்ணி உண்டு. நடுநிலைப் பிணைப்பு, துண்டிப்பானுக்கு முன்பாக, மின்னாக்கியின் பக்கத்தில் இருக்கவேண்டும். சுற்று மிதந்துகொண்டிருந்து, துண்டிப்பானுக்குப் பின்னால் எங்கோ சுவரில் நடுநிலைக் கம்பி நிலத்தைத் தொட்டிருந்தால், ஆளின் வழியே போன மின்னோட்டம் நிலத்தின் வழியாக அந்தக் கம்பியில் ஏறித் துண்டிப்பானுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். வரவும் செலவும் சமம்! கணக்குப்பிள்ளை திருப்தியோடு இருப்பார், ஆள் துடித்துக்கொண்டிருப்பார்.

துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, "வேலை செய்கிறது" என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. அந்தப் பொத்தான் கருவியின் உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிக் காட்டுகிறது. துண்டிப்பான் நலமாக இருப்பதை அது காட்டும்; உங்கள் புவி இணைப்பு நலமா என்பதை அது காட்டாது. அதற்குப் புவித்தடையை அளக்கும் கருவியே வேண்டும்.

சுமையும் கம்பியும்

எங்கள் கட்டடத்தின் தேவையைக் கூட்டிப் பார்த்தோம். 9 வாட் விளக்குகள் 6. 75 வாட் மின்விசிறிகள் 3. படவீழ்த்தி 300 வாட். ஆக 579 வாட். மின்னாக்கிக்கு இது எளிது. ஆனால் அரைக் குதிரைத்திறன் நீரேற்றியையும் சேர்க்கலாம் என்று ஒரு மாணவர் சொன்னார். ஓடும்போது அது 4 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு, அதாவது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 8.7 ஆம்பியர் தரும் மின்னாக்கி திணறும், வேகம் குறையும், வேகத்தோடு அதிர்வெண்ணும் அழுத்தமும் சரியும். நீரை வாளியில் சுமந்துகொண்டோம்.

முதல்நாள் பயன்படுத்திய கம்பி, விளக்குக்குப் போடும் 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி. 20 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் அதன் தடை 1.38 ஓம். முழுச் சுமையில் 12 வோல்ட் வீணாகும்; அதைவிட முக்கியமாக, I²R = 104 வாட் வெப்பம் கம்பியிலேயே தோன்றும். அதைச் சுருட்டி வைத்திருந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான்.

மூக்குக்குத் தெரியாத பகைவன்

மின்சாரத்தை மட்டும் கண்டு அஞ்சினால் போதாது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டியில் உறங்கிய இருவர் மின்னாக்கிப் புகையால் உயிரிழந்தனர். உறங்குபவரை இருமலோ எரிச்சலோ எழுப்புவதில்லை.

எங்கள் மின்னாக்கியும் முதல்நாள் மழைக்கு ஒதுங்கித் திண்ணையில், சன்னலுக்குக் கீழே நின்றது. காற்று நல்லபடியாக வீசியதைத் தவிர எங்கள் பாதுகாப்பிற்கு வேறு காரணம் இல்லை. கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சன்னல் இல்லாத பக்கமாக, புகைக்குழாய் வெளியே நோக்கும்படி வைப்பதே முறை.

மறுநாள் செய்தது

லைன்மேன் சென்றபின், ஆலங்காயத்திலிருந்து உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் மின்வாரியக் கம்பியையும் மின்னாக்கிக் கம்பியையும் இருமுனை மாற்றுச் சாவிக்குக் கொண்டுவந்தார். மின்னாக்கியை வெளியே 8 மீட்டர் தள்ளிப் பலகை மேல் வைத்து, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை போட்டோம். குடிநீர்க் குழாயடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஆழமான மண் இருந்தது. குழாயை அங்கே நட்டோம். மாணவர்கள் கடப்பாரையோடு அரைநாள் போராடினார்கள். கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு நீர் ஊற்றினோம். கட்டடத்தின் பழைய எர்த்தையும் இதையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைத்தார். கையேட்டின்படி நடுநிலையைச் சட்டத்தோடு இணைத்து, அதற்குப் பின்னால் 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானையும் 10 ஆம்பியர் எம்.சி.பி.யையும் மாட்டினார்.

ஓட்டும் முறையையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு எந்திரத்தைக் கிளப்பு. சீராக ஓடியபின் மாற்றுச் சாவியைத் திருப்பு. பிறகு ஒவ்வொன்றாகச் சுமையை ஏற்று. நிறுத்துவதற்கு இதே வரிசை தலைகீழாக. எந்திரம் ஆறும் வரை எரிபொருள் ஊற்றாதே.

இவற்றுள் எதையும், நண்பர்களே, நீங்கள் உங்கள் கையால் செய்யவேண்டாம். உங்கள் பள்ளியிலோ ஊர்த் திருவிழாவிலோ மின்னாக்கி ஓடும்போது போய்ப் பாருங்கள். மாற்றுச் சாவி இருக்கிறதா? புவிக்கம்பி எங்கே போகிறது? துண்டிப்பான் எங்கே? புகை எங்கே போகிறது? இந்த நான்கு கேள்விகளையும் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்லத் தெரியாதவர் சற்று நின்று யோசிப்பார்.

அந்த லைன்மேன் ஃபியூஸைத் தம் கையாலேயே பிடுங்கியவர். கம்பி அறுந்திருப்பதைத் தம் கண்ணாலேயே கண்டவர். மின்சாரம் இல்லை என்று நம்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. இருந்தும் விளக்கை வைத்துப் பார்த்தார். தெரிந்ததையும் ஒருமுறை சோதித்துப் பார் என்பதுதான் நான் வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாடம். அதைக் கடைப்பிடித்தவர் அவர், கைதட்டியவன் நான்.

சிந்திக்க

1. நான்கு முனைக் காந்தம் கொண்ட மின்னாக்கி 50 ஹெர்ட்ஸ் தர, நிமிடத்திற்கு எத்தனை சுற்றுகள் சுழலவேண்டும்?

2. ρ = 300 ஓம்-மீட்டர் உள்ள நிலத்தில், கட்டுரையில் கூறிய குழாயின் புவித்தடை என்ன? அதுபோன்ற இரண்டு குழாய்களை 5 மீட்டர் இடைவெளியில் நட்டு இணைத்தால் தடை ஏறக்குறைய எவ்வளவாகும்? அவற்றை நெருக்கமாக நட்டால் அந்தப் பயன் ஏன் கிடைக்காது?

3. ஒரு வீட்டில் மின்னாக்கியின் நடுநிலையைத் துண்டிப்பானுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் நிலத்தோடு பிணைத்துவிட்டார்கள். சுமையை ஏற்றியதும் துண்டிப்பான் காரணமின்றித் துண்டிக்கிறது. காரணம் உண்மையில் இல்லையா?